போர் விமானங்களின் ஆயுளும் மாற்றுத் தீர்மானமும்

மும்பை மாநகரின் வடகிழக்கு எல்லையில் அமைந்துள்ள முலுண்டின் ஊடே ஒரு பழஞ்சாலை செல்கிறது. முதியவர்கள் அதனை இன்றும் ஆக்ரா சாலை என்றே கூறுவர். லால் பகதூர் சாஸ்திரி மார்க் என்பது அதன் இன்றைய பெயர். குர்லா, காட்கோபர், பாண்டுப் ஆகிய இடங்களைக் கடந்து முலுண்டை அடையும் இச்சாலையின் வழியே தானாவுக்குச் சென்று, அங்கிருந்து நெடுஞ்சாலையில் கசாரா மலைவழி ஏறினால் நாசிக் வரும். நாசிக்கைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றால் ஓஜர் என்னும் ஊர். அங்கேதான் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் போர் விமானத் தொழிற்சாலை இருக்கிறது. முலுண்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து செல்லும் அதே சாலைதான், அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்தியாவின் வான் பாதுகாப்பைத் தாங்கி நின்ற ஒரு விமானம் உருவான இடத்திற்கும் வழி காட்டுகிறது.

அவ்விமானம் மிக்-21. 1963ஆம் ஆண்டில் அதன் முதல் தொகுதி சோவியத் நாட்டிலிருந்து அக்காலப் பம்பாய்க்கு வந்து, அங்கே பாகங்கள் பொருத்தப்பட்டுச் சண்டிகருக்குப் பறந்தது. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், அதே சண்டிகரில் அதற்குப் பிரிவுபசாரம் நடந்தது. இடைப்பட்ட காலம் 62 ஆண்டுகள். முதல் விமானத்தை ஓட்டிய இளைஞரின் பேரப்பிள்ளைகள் கடைசி விமானத்தை ஓட்டும் வயதை எட்டிவிடக்கூடிய காலம் அது. பிரிவுபசாரத்தின்போது நாடெங்கும் பெருமிதமும் நெகிழ்ச்சியும் நிலவின. அவை தகுதியான உணர்ச்சிகளே. ஆயினும், ஒரு போர் விமானம் ஏன் 62 ஆண்டுகள் உழைக்க நேர்ந்தது என்ற கேள்வி அப்பெருமிதத்தினிடையே மறைந்துவிடக் கூடாது. அக்கேள்விக்கு நேர்மையான விடை காணாவிடில், அடுத்த விமானத்திற்கும் இதே கதை நேரும்.

தேர்ந்தெடுத்த காலமும் காரணமும்

1962ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் மிக்-21 விமானத்தைத் தேர்ந்தெடுத்தபோது, அது உலகின் தலைசிறந்த இடைமறிப்பு விமானங்களுள் ஒன்றாக இருந்தது. ஒலியின் வேகத்தைப் போல் இரு மடங்கு வேகத்தில் பறக்க வல்லது. எடையிற் சிறியது, விலையிற் குறைந்தது. முக்கோண வடிவச் சிறகும், கூரிய மூக்கும், ஒற்றை எஞ்சினும் கொண்டது. அமெரிக்காவின் எப்-104 விமானமும், பிரிட்டனின் லைட்னிங் விமானமும் அக்காலத்தில் பேசப்பட்டன. எனினும், விமானத்தை விற்பதோடு நில்லாமல், அதனை இந்தியாவிலேயே உற்பத்தி செய்யும் லைசென்ஸையும் அளிக்கச் சோவியத் நாடு இசைந்ததே முடிவைத் தீர்மானித்த முக்கிய காரணமாயிற்று.

அம்முடிவின் விளைவாக உடற்பகுதிக்கு நாசிக், எஞ்சினுக்குக் கோராபுட், மின்னணுக் கருவிகளுக்கு ஹைதராபாத் என மூன்று தொழிற்சாலைகள் எழுந்தன. 1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பெங்களூரின் பழைய ஹிந்துஸ்தான் விமான நிறுவனமும், மிக் உற்பத்திக்கென அமைக்கப்பட்ட நிறுவனமும் ஒன்றிணைக்கப்பட்டு ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் பிறந்தது. அப்போது பிரதமராக இருந்தவர், முலுண்டின் சாலை இன்று யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்தச் சாஸ்திரி அவர்களே. நாசிக் தொழிற்சாலையிலிருந்து 600க்கும் மேற்பட்ட மிக்-21 விமானங்கள் வெளிவந்தன. ஆயிரக்கணக்கான தொழிலாளரும் பொறியாளரும் அவ்வுற்பத்தியில் பயிற்சி பெற்றனர். 1971ஆம் ஆண்டுப் போரில் இவ்விமானம் ஆற்றிய பணி வரலாற்றில் இடம்பெற்றது. ஆகவே, 1962ஆம் ஆண்டின் தீர்மானம் தவறானதன்று. அது துணிவும் தொலைநோக்கும் கொண்ட தீர்மானம். அதன் பின்னர் எடுக்க வேண்டியிருந்த தீர்மானங்களை உரிய காலத்தில் எடுக்காமல் விட்டதே பிழை.

இடைமறிப்பு விமானத்தின் கடமை மிக உயரத்தில், மிக விரைவாகச் சென்று பகை விமானத்தைத் தடுப்பதாகும். மிக்-21 அக்கடமைக்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஆனால் இந்தியாவில் அது தரைத் தாக்குதலுக்கும், வேவு பார்ப்பதற்கும், புதிய விமானிகளைப் போருக்குப் பழக்குவதற்கும் பயன்பட்டது. அதன் ஒரு வகையில் நிலையான பீரங்கி இல்லாததால், வயிற்றின் கீழே பீரங்கிப் பெட்டியொன்றைக் கட்டிப் பறக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. இத்தகைய தகவமைப்புகள் விமானப்படை வீரர்களின் திறமைக்குச் சான்று. அதே சமயம், ஒரு கருவியை அதன் இயல்புக்கு மீறிய பணிகளில் நெடுங்காலம் ஈடுபடுத்தும்போது அபாயம் சிறிது சிறிதாகக் கூடுகிறது என்பதற்கும் அவை சான்றாகும்.

விமானம் எவ்வாறு மூப்படைகிறது?

ஒரு விமானத்தின் ஆயுளை ஆண்டுகளால் மட்டும் அளப்பது போதாது. மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து முன்னும் பின்னுமாக வளைத்தால், முதல் சில தடவை அது தாங்கும். பின்பு திடீரென முறியும். ஒவ்வொரு வளைவும் உலோகத்தின் உள்ளே கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய வெடிப்பை வளர்க்கிறது. இதற்கு உலோகக் களைப்பு என்று பெயர். வகுப்பறையில் மாணவர் முன்னிலையில் ஆசிரியர் எளிதிற் செய்து காட்டக்கூடிய சோதனை இது. போர் விமானம் கூர்மையாகத் திரும்பும்போது, அதன் சிறகின் அடிப்பகுதி இவ்வாறே வளைந்து நிமிர்கிறது. ஆகவேதான் ஒவ்வொரு விமானத்திற்கும் இத்தனை மணி நேரப் பறப்பு என்று ஆயுள் வரையறுக்கப்படுகிறது.

பறக்காமல் நிற்கும் விமானமும் மூப்படைகிறது. ரப்பர் வளையங்கள் இறுகுகின்றன. மின்கம்பிகளின் உறை வெடிக்கிறது. ஈரக் காற்று உலோகத்தை அரிக்கிறது. இவை எல்லாவற்றையும் மாற்றலாம். ஆனால் மாற்றுப் பாகம் கிடைக்க வேண்டும். 1991ஆம் ஆண்டில் சோவியத் நாடு சிதறியபின், உதிரிப் பாகங்களைப் பெறுவதே பெரும் தொல்லையாயிற்று.

மூப்பு என்பது எல்லா விமானங்களுக்கும் ஒரே வகையான தீர்ப்பு அன்று என்பதையும் கருத வேண்டும். அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானங்களுள் கடைசியானது 1962ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. அவை இன்றும் பறக்கின்றன. ஆனால் அவை கூர்மையான திருப்பங்களை மேற்கொள்ளாத, பல எஞ்சின்கள் கொண்ட பெரிய விமானங்கள். இடையறாது புதுப்பிக்கப்பட்டு வருபவை. மிக்-21 விமானத்திற்கோ எஞ்சின் ஒன்றே. அது நின்றுவிட்டால் விமானிக்கு எஞ்சுவது சில விநாடிகள். தரையிறங்க நெருங்குகையில் அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் அதிகம். பிழை பொறுக்கும் இயல்பு அதற்குக் குறைவு.

2012ஆம் ஆண்டில், அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி பாராளுமன்றத்தில் அளித்த விவரத்தின்படி, அவ்வாண்டு ஏப்ரல் வரை மிக் வகை விமானங்களுக்கு 482 விபத்துகள் நேர்ந்தன. 171 விமானிகளும், பொதுமக்களுள் 39 பேரும் உயிரிழந்தனர். அதன் பின்னரும் விபத்துகள் நிற்கவில்லை. 2023ஆம் ஆண்டு மே மாதம், ராஜஸ்தானின் ஹனுமான்கட் மாவட்டத்தில் மிக்-21 ஒன்று விழுந்தபோது விமானி குதித்து உயிர் தப்பினார். தரையில் இருந்த மூன்று பெண்கள் மாண்டனர்.

இவ்விபத்துகளைக் கண்டு பத்திரிகைகள் அவ்விமானத்தைப் பறக்கும் சவப்பெட்டி என்று வருணித்தன. இவ்வருணனை நியாயமன்று. எண்ணிக்கையில் மிகுதியாகவும், கால அளவில் நீண்டும், கடமையிற் கடினமாகவும் பறந்த விமானத்திற்கு விபத்துகளின் தொகை கூடுவது இயல்பே. மேலும், அப்பெயர் குற்றத்தை யந்திரத்தின் மேல் சுமத்தி, அதனை ஓய்வு பெற விடாமல் பறக்க வைத்த தாமதத்தை மறைத்துவிடுகிறது. யந்திரம் தானே தன் பணிக்காலத்தை நீட்டித்துக்கொள்வதில்லை.

பயிற்சி விமானம் கூறும் பாடம்

தாமதத்தின் விலையை அளந்தறிய மிகத் தெளிவான சான்று பயிற்சி விமானத்தின் வரலாற்றில் இருக்கிறது. விபத்துகளை ஆராய்ந்த லா பான்டெயின் குழு, உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம் ஒன்று தேவை என்று 1982ஆம் ஆண்டிலேயே பரிந்துரை செய்தது. மெதுவாகப் பறக்கும் பயிற்சி விமானத்தில் கற்ற இளைஞர், இடைப்படி ஏதுமின்றி ஒலியை மிஞ்சும் மிக்-21 விமானத்தில் ஏறுவது, சைக்கிள் ஓட்டக் கற்றவரை நேரே விரைவு ரயிலின் எஞ்சினில் அமர்த்துவது போன்றது. இதனை அறியாதவர் எவருமில்லை. ஆயினும், ஹாக் என்னும் பயிற்சி விமானத்திற்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 2004ஆம் ஆண்டில். அவ்விமானம் படையிற் சேர்ந்தது 2008ஆம் ஆண்டில். பரிந்துரைக்கும் நிறைவேற்றத்திற்கும் இடையே 26 ஆண்டுகள் கடந்தன.

அந்த 26 ஆண்டுகளில் எவரும் பயிற்சி விமானம் வேண்டாம் என்று கூறவில்லை. விலை பற்றிய பேச்சு நடந்தது. வகை பற்றிய ஒப்பீடு நடந்தது. கோப்பு ஒரு மேசையிலிருந்து மற்றொரு மேசைக்குச் சென்றது. ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே நோக்குமிடத்து நியாயமானதாகவே தோன்றும். பொதுப் பணத்தைச் செலவிடுவோர் கவனமாக இருத்தல் கடமை. ஆனால் தீர்மானியாமல் இருப்பதும் ஒரு தீர்மானமே. தவறாக வாங்கியதால் ஏற்படும் நஷ்டம் தணிக்கை அறிக்கையில் ரூபாய்க் கணக்கில் வெளியாகிறது. வாங்காமல் இருந்ததால் ஏற்பட்ட நஷ்டமோ, ஏதோ ஒரு சிற்றூரில் ஓர் இளம் விமானியின் பெற்றோர் வீட்டில் மட்டுமே பதிவாகிறது. இவ்விரு கணக்குகளையும் ஒரே ஏட்டில் எழுதும் வழக்கம் ஏற்படும் வரை தாமதம் மலிவானது போலவே தோன்றிக்கொண்டிருக்கும்.

தேஜஸும் அதன் நீண்ட பாதையும்

மிக்-21 விமானத்திற்கு மாற்றாக இலகு ரகப் போர் விமானத் திட்டம் 1983ஆம் ஆண்டில் அனுமதி பெற்றது. 1984இல் விமான வளர்ச்சி முகமை அமைக்கப்பட்டது. முதல் விமானம் 2001ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் பெங்களூரில் வானில் எழுந்தது. 2003இல் தேஜஸ் என்ற பெயர் சூட்டப்பட்டது. தேஜஸ் விமானங்களைக் கொண்ட முதல் ஸ்க்வாட்ரன் 2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் உருவாயிற்று. 45ஆம் எண் கொண்ட அந்த ஸ்க்வாட்ரன் 2018இல் கோயம்புத்தூரை அடுத்த சூலூர் விமானத் தளத்திற்கு வந்தது. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் 18ஆம் எண் ஸ்க்வாட்ரனும் தேஜஸ் விமானங்களுடன் சூலூரிலேயே தொடங்கப்பட்டது. அனுமதியிலிருந்து முதல் ஸ்க்வாட்ரன் வரை 33 ஆண்டுகள்.

இத்தாமதத்திற்கு விஞ்ஞானிகளை மட்டும் பழிப்பது எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. கம்ப்யூட்டரின் துணையின்றி நிலையாகப் பறக்க முடியாத வடிவம், கார்பன் இழைகளால் ஆன சிறகு, மின் சைகைகளால் இயங்கும் கட்டுப்பாட்டு முறை ஆகிய மூன்றையும் முன் அனுபவமில்லாத ஒரு நாடு ஒரே சமயத்தில் கற்க முனைந்தது. 1998ஆம் ஆண்டின் அணுச் சோதனைகளுக்குப் பின் அமெரிக்கா விதித்த தடைகளால், கட்டுப்பாட்டு முறைக்கான ஒத்துழைப்பு நடுவழியில் நின்றது. இந்தியப் பொறியாளர்கள் அப்பணியைத் தாமே முடித்தனர். அது சிறிய சாதனை அன்று.

மறு புறத்தில், விமானப் படையின் தயக்கத்திற்கும் காரணம் இருந்தது. தேஜஸின் முதல் வடிவத்தில் 53 குறிப்பிடத்தக்க குறைபாடுகள் இருந்ததாக 2015ஆம் ஆண்டின் கணக்குத் தணிக்கை அறிக்கை கூறியது. போர்முனையில் உயிரைப் பணயம் வைக்கப் போகின்றவர், முழுமை பெறாத கருவியை ஏற்கத் தயங்குவதைக் குறை கூற இயலாது. ஆனால் முழுமை பெற்ற பின்னரே வாங்குவேன் என்று ஒருவரும், வாங்குவதாக உறுதி கூறினால்தான் முழுமையாக்குவேன் என்று மற்றவரும் நின்றால் வேலை நகராது. 2006இல் 20 விமானங்களுக்கும், 2010இல் மேலும் 20 விமானங்களுக்கும் ஒப்பந்தம் இடப்பட்டது. அடுத்த ஒப்பந்தம் 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் வந்தது. இடையே பத்து ஆண்டுகள் புதிய கட்டளை ஏதுமில்லை. கட்டளையில்லாத தொழிற்சாலை தேர்ந்த தொழிலாளியையும், திருகாணி செய்து தரும் சிறு பட்டறையையும் நெடுநாள் தன்னோடு வைத்துக்கொள்ள இயலாது.

வெளிநாட்டிலிருந்து வாங்கும் பாதையும் விரைவாக இல்லை. 126 நடுத்தர விமானங்களுக்கு 2007ஆம் ஆண்டில் டெண்டர் கோரப்பட்டது. 2012இல் பிரான்சு நாட்டின் ரபேல் தேர்ந்தெடுக்கப்பட்டது. பேச்சு முடிவு பெறாமலே 2015இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2016ஆம் ஆண்டில் 36 விமானங்களுக்கு மட்டும் ஒப்பந்தம் ஏற்பட்டு, அவற்றுள் முதல் ஐந்து 2020 ஜூலையில் அம்பாலாவில் இறங்கின. ஆகவே, உள்நாட்டு உற்பத்தியே தாமதத்திற்குக் காரணம் என்போரும், வெளிநாட்டுக் கொள்முதலே காரணம் என்போரும் ஒரு பக்கத்தை மட்டுமே காண்கின்றனர். இரு பாதைகளிலும் பயணம் தாமதித்தது. காரணம் பாதையில் இல்லை. புறப்படும் காலத்தைக் குறித்துக்கொள்ளாததில் இருக்கிறது.

இடைவெளியை நிரப்ப 1996ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி 125 மிக்-21 விமானங்கள் புதிய ராடாரும் ஏவுகணைகளும் பொருத்தப்பட்டுப் பைசன் என்ற பெயர் பெற்றன. தற்காலிக ஏற்பாடு என்ற அளவில் அது அறிவார்ந்த செயல். ஆனால் தற்காலிகமாக இட்ட முட்டுக்கால் நன்றாகத் தாங்குகிறது என்பதாலேயே புதுச் சுவர் எழுப்பும் வேலை ஒத்திப்போடப்பட்டது.

எஞ்சின் என்னும் நாடி

விமானத்தின் ஏனைய பாகங்கள் எல்லாம் கைவந்தாலும் எஞ்சின் கைவராவிடில் பயனில்லை என்பதை இந்தியா இரு முறை கற்றிருக்கிறது. ஜெர்மானிய நிபுணர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் உருவான மருத் விமானம் 1961ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் முதன்முறை பறந்தது. ஆசியாவில் அத்தகைய முயற்சி அரிதாக இருந்த காலம் அது. வடிவத்தில் குறையில்லை, ஆனால் அதற்கேற்ற வலிய எஞ்சின் கிடைக்கவில்லை. ஒலியை மிஞ்ச வேண்டிய விமானம் அந்த ஆற்றலைப் பெறாமலே பணியாற்றி ஓய்வு பெற்றது.

தேஜஸுக்கென 1989ஆம் ஆண்டில் காவேரி எஞ்சின் திட்டம் தொடங்கப்பட்டது. எதிர்பார்த்த உந்துவிசை கிட்டாமையால், 2008இல் அது தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அமெரிக்காவின் எப்-404 எஞ்சினே தேஜஸை இயக்குகிறது. 2021இல் 99 எஞ்சின்களுக்கு ஒப்பந்தம் இடப்பட்டது. அவற்றுள் முதலாவது 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில்தான் வழங்கப்பட்டது. 2024இல் தொடங்க வேண்டியிருந்த மார்க் 1ஏ வகையின் வழங்கல் தவறியதற்கு இது ஒரு முக்கிய காரணம். சக்கரத்தை வைத்துக்கொண்டு அச்சாணிக்காகக் காத்திருந்த தேரைப் போல, உடற்பகுதிகள் தொழிற்சாலையில் எஞ்சினை எதிர்நோக்கி நின்றன.

எஞ்சின் விசைச்சுழலியின் தகடுகள், தம்முடைய உலோகமே உருகக்கூடிய வெப்பத்தைவிட மிகுந்த வெப்பமுள்ள வாயுவின் நடுவே சுழல்கின்றன. நுண்ணிய துளைகளின் வழியே குளிர்ந்த காற்றைச் செலுத்தி அவற்றைக் காக்கிறார்கள். இக்கலையை அறிந்த நாடுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அறிந்தவர் எளிதிற் பிறர்க்குக் கற்பிப்பதில்லை. ஆகவே, எஞ்சின் ஆராய்ச்சியை ஒரு விமானத் திட்டத்தின் கிளையாகக் கருதாமல், எந்த ஒரு விமானத்தோடும் பிணைக்கப்படாத தனிப் பெரும் பணியாக, இருபது முப்பது ஆண்டுகளுக்குத் தடையின்றிப் பொருளுதவி அளித்து நடத்துவதே முறை. ஒரு விமானத்திற்குக் காலத்தில் எட்டவில்லை என்பதால் எஞ்சின் ஆராய்ச்சியைத் தளர்த்துவது, இவ்வாண்டு காய்க்கவில்லை என்று தென்னங்கன்றை வெட்டுவதற்கு ஒப்பாகும்.

எளிய கணக்கு ஒன்று

2021இல் 83 விமானங்களும், 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள், அதாவது மிக்-21 ஓய்வு பெற்றதற்கு முந்தைய தினம், ரூ.62,370 கோடி மதிப்பில் மேலும் 97 விமானங்களும் ஆக 180 மார்க் 1ஏ விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. 2025 அக்டோபர் 17ஆம் நாள், நாசிக்கில் கட்டப்பட்ட முதல் மார்க் 1ஏ விமானம் ஓஜரின் வானில் பறந்தது; அன்றே அங்கு தேஜஸின் மூன்றாவது உற்பத்தி வரிசையும் தொடங்கி வைக்கப்பட்டது. பெங்களூரில் ஆண்டுக்கு 16, நாசிக்கில் 8 என மொத்தம் 24 விமானங்களைக் கட்டுவது நோக்கம்.

ஆசிரியர்கள் இதனை மாணவர்க்குக் கணக்காகத் தரலாம். ஆண்டுக்கு 24 வீதமாயின் 180 விமானங்களுக்கு ஏழரை ஆண்டுகள் ஆகும். 16 வீதமே இயலுமாயின் பதினொன்றேகால் ஆண்டுகள். ஒரு ஸ்க்வாட்ரனுக்கு 18 விமானங்கள் என்று கொண்டால் 180 விமானங்கள் பத்து ஸ்க்வாட்ரன்களுக்குப் போதும். விமானப் படைக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 42 ஸ்க்வாட்ரன்கள்; மிக்-21 ஓய்வு பெற்றபோது எஞ்சியவை 29. குறை 13. அதாவது, ஒப்பந்தமான எல்லாமும் வந்து சேர்ந்தாலும் மூன்று குறையும். அதற்குள் 1979ஆம் ஆண்டில் படையிற் சேரத் தொடங்கிய ஜாகுவார், 1985இல் வந்த மிராஜ்-2000, 1987இல் வந்த மிக்-29 ஆகியவையும் ஓய்வை நோக்கி நகரும். நீர் நிரப்பும் குழாய் ஒன்றும், நீர் வெளியேறும் துளைகள் மூன்றும் உள்ள தொட்டிக் கணக்கு பள்ளிப் பிள்ளைகள் அறிந்ததே. இங்கே தொட்டியாக இருப்பது நாட்டின் வான் பாதுகாப்பு.

மாற்றத்தின் முறை

இவ்வரலாற்றிலிருந்து நான்கு முடிவுகள் பெறப்படும்.

முதலாவது, ஒரு விமானத்தை வாங்கும் கோப்பிலேயே அது ஓய்வு பெறும் ஆண்டும், அதன் மாற்றுக்கான வேலை தொடங்க வேண்டிய ஆண்டும் எழுதப்பட வேண்டும். புதிய போர் விமானம் ஒன்று எண்ணத்திலிருந்து ஸ்க்வாட்ரனுக்கு வர இருபது ஆண்டுகளேனும் ஆகும் என்பது அனுபவம். ஆகவே, நாற்பது ஆண்டு ஆயுளுள்ள விமானத்திற்கு, அது படையிற் சேர்ந்த இருபதாவது ஆண்டில் மாற்று வேலை தொடங்கியிருக்க வேண்டும். ஓய்வு நாளை நீட்டிப்பதாயின், அதற்குரிய காரணத்தையும் அபாயத்தையும் பாராளுமன்றத்தின் முன் வைப்பது முறையாகும்.

இரண்டாவது, கட்டளைகள் இடையறாது வரவேண்டும். ஓராண்டில் நூறும், பத்தாண்டுகள் பூஜ்யமும் என்ற முறை எந்தத் தொழிலையும் வளர்க்காது. ஆண்டுதோறும் அளவான எண்ணிக்கை என்ற முறை தொழிற்சாலைக்கும், சிறு பட்டறைகளுக்கும், கருவூலத்திற்கும் ஒருங்கே நன்மை தரும்.

மூன்றாவது, பயிற்சி விமானமும் எஞ்சினும் போர் விமானத்திற்கு முன்னரே சிந்திக்கப்பட வேண்டியவை. அவை துணைப் பொருள்கள் அல்ல. நாசிக்கில் தேஜஸோடு எச்டிடி-40 என்னும் அடிப்படைப் பயிற்சி விமானத்திற்கும் உற்பத்தி வரிசை தொடங்கப்பட்டிருப்பது இவ்வகையில் வரவேற்கத்தக்கது.

நான்காவது, உள்நாட்டு விமானத்தில் குறை காணப்படும்போதும், விபத்து நேரும்போதும் நிதானம் இழக்கலாகாது. 2025ஆம் ஆண்டு நவம்பரில் துபாயில் நடந்த விமானக் கண்காட்சியில் தேஜஸ் ஒன்று விழுந்து அதன் விமானி உயிர் நீத்தார். அத்துயரத்திற்குச் செய்யும் மரியாதை, காரணத்தை ஒளிவுமறைவின்றி ஆராய்ந்து திருத்துவதே. திட்டத்தைத் தூற்றுவதோ குறையை மூடி மறைப்பதோ அம்மரியாதை ஆகா.

தஞ்சை வட்டாரத்தில் களப் பணியாற்றியோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். குறுவைக் கதிர் வயலில் முற்றிக்கொண்டிருக்கும்போதே தாளடிக்கு நாற்றங்கால் தயாராகிவிடும். அறுவடை முடிந்தபின் விதை தேடிப் புறப்படும் உழவரை ஊரார் மதிப்பதில்லை. பருவம் அவருக்காகக் காத்திருப்பதும் இல்லை. எழுதப் படிக்க அறியாத உழவரும் கடைப்பிடிக்கும் இந்நெறியைத் தேசத்தின் பெரிய கோப்புகளும் கடைப்பிடிக்க வேண்டும் என்று கேட்பது மிகையாகாது.

முலுண்டின் சாலை வழியே பள்ளி செல்லும் சிறுவர்களுள் சிலர், இன்னும் பதினைந்து ஆண்டுகளில் விமானியாகவோ, ஓஜரில் பொறியாளராகவோ ஆகக்கூடும். அவர்கள் கையில் அப்போது எந்த விமானம் இருக்கும் என்பது அப்போது தீர்மானிக்கப்படுவதன்று. இவ்வாண்டிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் தீர்மானிக்கப்படுவது. தேஜஸ் முதல் ஓய்வு பெற வேண்டிய ஆண்டு எது என்று இன்றே ஒருவர் எழுதி வைப்பாராயின், மிக்-21 விமானத்தின் 62 ஆண்டுகள் நாட்டிற்கு உண்மையிலேயே பாடம் புகட்டியதாகக் கொள்ளலாம்.